தொண்டை வலி: பூஜ்ஜியம்

எனக்குக் கை வேகம். தஞ்சாவூரில் நான் மயக்கவியல் மேற்படிப்பு படித்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூடவே, தர்ஷினி டாக்டருக்கு வாயும் வேகம், கோபமும் வேகம் என்று சேர்த்துச் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணின் குரலைக் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்படிப்பில் ஓர் ஆய்வு செய்து ஒப்படைத்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்கள். என் ஆய்வு மிகச் சாதாரணமானது. ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுத்தபின் நோயாளியால் தானாக மூச்சு விட முடியாது. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு ட்யூபைச் செலுத்தி, அதன் வழியே இயந்திரத்தை மூச்சு கொடுக்கச் செய்வோம். ட்யூப் போகும் வழியைப் பார்ப்பதற்கு வீடியோ லாரிங்கோஸ்கோப் என்ற கருவி இருக்கிறது. அதன் தகடு போன்ற அலகை வாய்க்குள் விட்டு நாக்கை ஒதுக்கிப் பிடித்தால், நுனியில் உள்ள கேமரா தொண்டையின் உள்பக்கத்தைத் திரையில் காட்டும். எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்றின் அலகு லேசாக வளைந்தது. இன்னொன்றின் அலகு நன்றாக மடங்கி வளைந்தது. சிக்கல் எதையும் எதிர்பார்க்காத சாதாரண நோயாளிக்கு இரண்டில் எது வேகம், எது தொண்டையைக் குறைவாக நோகடிக்கும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாற்பது பேர், மொத்தம் எண்பது பேர். யாருக்கு எந்தக் கருவி என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். நோயாளி மேஜைக்கு வந்தபிறகுதான் பிரிக்க வேண்டும்.

தியேட்டர் டெக்னீஷியன் அன்பரசன் முதல் வாரமே இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார். லேசாக வளைந்தது கரண்டி, மடங்கி வளைந்தது அரிவாள். ஒருநாள் மேஜையில் படுத்திருந்த ஒரத்தநாட்டுக்காரரின் காதுபட, "மேடம், இவருக்கு அருவாளா கரண்டியா?" என்று கேட்டுவைத்தார். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் அன்பரசனுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சம்பா நடவு முடிந்தபிறகுதான் எங்கள் பக்கத்தில் ஆபரேஷனுக்குக் கூட்டம் வரும். குடலிறக்கம், பித்தப்பைக் கல் எதுவானாலும் நடவு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் குடவாசல்காரி. என் அப்பாவே ஒரு வருடம் இறங்கிய குடலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனவர்தான். ஐப்பசி கடைசியில் வார்டு நிரம்பியது. என் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

அலகு பல்லைத் தாண்டும்போது அன்பரசன் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். ட்யூப் உள்ளே போய், நோயாளி வெளிவிடும் காற்றின் முதல் அலை மானிட்டரில் எழும்போது நிறுத்துவார். நடுவில் வினாடிகளைச் சத்தமாக எண்ண வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான்தான் எண்ணச் சொன்னேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பதினாறு வினாடியில் முடித்த அன்று எல்லோருக்கும் என் செலவில் பஜ்ஜி.

அறுபத்தோராவது ஆள் லத்தீஃபா. அதிராம்பட்டினத்துக்காரர், நாற்பத்தாறு வயது, பித்தப்பையில் கல். கணவர் குவைத்தில் வேலையில் இருந்தார். பட்டுக்கோட்டையில் கல்லூரிக்குப் போகும் மகள் சபிஹா கூடவே இருந்தாள். முதல் நாள் மாலை சம்மதக் கையெழுத்து வாங்க வார்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு லத்தீஃபா ஒன்றே ஒன்று கேட்டார்.

"குரலுக்கு ஒண்ணும் ஆயிடாதே டாக்டரம்மா?"

"ரெண்டு நாளைக்குக் கரகரன்னு இருக்கும். அவ்வளவுதான்."

"இல்ல, நான் வீட்டுல முப்பது பொம்பளப் புள்ளைங்களுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்குறேன். அடித்தொண்டையிலேருந்து வர்ற எழுத்துங்க இருக்கு. எழுதிக் காட்டுனா வராது. நான் சொல்லிக் காட்டணும், அதுங்க கேட்டுச் சொல்லணும்."

எனக்குப் புரியட்டும் என்று ஓர் எழுத்தைச் சொல்லியும் காட்டினார். கழுத்தின் ஆழத்திலிருந்து, அழுத்தமாக, துளி பிசிறில்லாமல் வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் திரும்பிப் பார்த்தார். எனக்கு அரபி தெரியாது. ஆனால் தொண்டை தெரியும். அந்த இடத்திலிருந்து அவ்வளவு சுத்தமாக ஓர் ஒலியைக் கொண்டுவருவதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று தெரியும். "நான்தான் போடப்போறேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை உறையைப் பிரித்தோம். அரிவாள்.

அந்த அலகில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் காட்சி பிரமாதமாக இருக்கும். ஆனால் ட்யூபுக்குள் விறைப்பான கம்பியைப் போட்டு, அதையும் அதே மாதிரி வளைத்துத்தான் உள்ளே விட வேண்டும். வாயில் நுழைந்த நுனி, கேமராவின் பார்வைக்கு வரும்வரை கொஞ்ச தூரம் திரையில் தெரியாது. அந்தக் கொஞ்ச தூரத்தில் கண் நோயாளியின் வாயில் இருக்க வேண்டும், திரையில் இருக்கக் கூடாது. நானே இதை ஜூனியர்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்று என் கண் திரையை விட்டு நகரவில்லை.

நுனி ஓரத்திலிருந்து கோணலாக வந்தது. குரல் நாண்கள் இரண்டும் வெள்ளையாக, திறந்து, எதிரே தெரிந்தன. ட்யூப் வலது பக்கத்தில் எதிலோ இடித்து நின்றது. பின்னால் இழுத்து, வாயைப் பார்த்து, மறுபடி விட்டிருக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு வினாடி ஆகும். அவசரம் எதுவும் இல்லை, நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் நூறு சதவீதம் இருந்தது.

"பதினெட்டு, பத்தொம்பது, இருபது" என்றார் அன்பரசன்.

அழுத்தித் திருப்பினேன். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது கைக்குத் தெரிந்தது. ட்யூப் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இருபத்து மூன்று வினாடி. அலகை வெளியே எடுத்தபோது நுனியில் இளஞ்சிவப்பாக ஈரம் இருந்தது. அலகில் ரத்தம் உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. "ஆம்" என்று குறித்தேன். எவ்வளவு நேர்மையாக இருக்கிறோம் என்று ஒரு திருப்தி வேறு.

இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத் தொண்டை வலியும் குரல் மாற்றமும் கேட்டுக் குறிக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் பூஜ்ஜியம், மோசமென்றால் மூன்று. காலை ரவுண்ட்ஸில் ஆறேழு பேராகப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றோம். நான் அட்டையும் பேனாவுமாகக் கேட்டேன்.

"என்னம்மா, தொண்டை எப்படி இருக்கு? நல்லா இருக்கீங்கல்ல?"

லத்தீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் டாக்டரம்மா."

வெறும் காற்றாக வந்தது அந்தப் பதில். குரலே இல்லை. என் காதில் விழுந்தது. இத்தனை ஆண் டாக்டர்கள் நிற்கும்போது அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது. இரண்டு கட்டத்திலும் பூஜ்ஜியம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவரை மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தை மாதம் எண்பது பேரும் முடிந்தார்கள். அரிவாள் நாற்பதில் தொண்டை வலி இரண்டே இரண்டு பேருக்கு. என் ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர் காயாரோகணம் சார் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதை மாநாட்டுல வச்சிடலாம்மா" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

மூன்றாவது நாள், ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளைப் பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து ஒரு கோப்பு வந்தது. பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். லத்தீஃபா எதிரே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சபிஹா பின்னால் நின்றாள்.

கோப்பில் தெளிவாக எழுதியிருந்தது. குரல் நாணை அசைக்கும் சிறு குருத்தெலும்பு ஒன்று உண்டு. வலது பக்கத்தில் அது மூட்டிலிருந்து விலகியிருக்கிறது. வலது நாண் அசையவில்லை. மயக்கம் கொடுத்து, குருத்தெலும்பைத் தள்ளி இடத்தில் உட்கார வைக்க முயற்சி செய்யலாம். முதல் வாரம் பத்து நாளில் வந்திருந்தால் நல்ல வாய்ப்பு இருந்தது. எட்டு வாரம் ஆகிவிட்டதால் மூட்டு இறுகியிருக்கும். உத்தரவாதம் சொல்ல முடியாது.

"எப்பலேருந்து குரல் இல்ல?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதுலேருந்து டாக்டர்" என்றாள் சபிஹா. "தண்ணி குடிச்சாப் புரையேறுச்சு. எச்சி முழுங்குனா உயிர் போவுதுன்னு அழுதாங்க. வார்டு கூட்டுற அக்காகிட்டகூடச் சொன்னாங்க. நீங்க வந்து கேட்டப்ப மட்டும் நல்லா இருக்கேன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் சரியாயிடும் சரியாயிடும்னே இருந்தாங்க. நான் சண்டை போட்டுக் கூட்டிட்டு வந்தேன்."

லத்தீஃபா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். காற்றுக் குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்.

"நோவை எடுத்து விட்டிருக்கீங்க. உயிரோட எழுப்பி விட்டிருக்கீங்க. தேடி வந்து வேற கேக்குறீங்க. அந்த நேரத்துல குறை சொல்லலாமா?"

அது அவருடைய பழக்கம் மட்டும் அல்ல. அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார், மற்றவர்கள் "உங்க புண்ணியத்துல நல்லாருக்கேன்" என்றார்கள். நலம் விசாரித்து வந்த டாக்டரிடம் குறை சொல்வது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. நான் இந்த மண்ணில் பிறந்தவள். என் அப்பாவும் தையல் பிரிந்து சீழ் வைத்த வயிற்றோடு டாக்டரைப் பார்த்து "நல்லாருக்கேங்க" என்று கும்பிட்டவர்தான். இதெல்லாம் தெரிந்த நான் மரியாதைகளை வாங்கிப் பதில்களாக எழுதியிருக்கிறேன். என்மீது எனக்கு வந்த கோபத்தை வைக்க இடமில்லை.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சில பேருக்கு இப்படி ஆகும்மா, சரி பண்ணப் பார்ப்போம்" என்று கோப்பில் கையெழுத்துப் போட்டேன். யாரோ செய்ததைப் போலப் பேசினேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று மாலை அன்பரசனைக் கூப்பிட்டு, அரிவாளில் போட்ட எல்லோருடைய கைப்பேசி எண்ணையும் கொடுத்தேன்.

"அண்ணே, நீங்க பேசுங்க. டாக்டர் கேக்கச் சொன்னாங்கன்னு சொல்ல வேணாம். சாப்பிட்டீங்களா, வயல்ல அறுப்பு ஆச்சான்னு பேச்சை ஆரம்பிச்சு, தொண்டை எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க."

இரண்டு நாள் பேசினார். முப்பத்தைந்து பேர் கிடைத்தார்கள். பதினேழு பேர், மூன்று நாள் எச்சில் விழுங்க முடியவில்லை, ஒரு வாரம் குரல் கம்மியிருந்தது என்று சாவகாசமாகச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாக லத்தீஃபாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் தானாகவே சரியாகியிருந்தது. அந்தப் பதினேழில் பதினைந்து பேருக்கு நான் பூஜ்ஜியம் போட்டிருந்தேன். காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு அன்பரசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எண்ணாம இருந்திருக்கணும் மேடம்."

"எண்ணச் சொன்னது நான்தான் அண்ணே. நீங்க அதை எடுத்துத் தலையில போட்டுக்காதீங்க."

காயாரோகணம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுத்தித் திருப்பினேன் என்பதையும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மோசமான மனிதர் இல்லை. ஆனால் முப்பது வருடமாக ஆய்வுகளைக் கரையேற்றிப் பழகியவர்.

"அந்தப் பேஷண்ட் விஷயம் எழுதித்தான் ஆகணும். பாதக விளைவுன்னு தனியாப் பதிவு பண்ணு, நெறிமுறைக் குழுவுக்கும் அனுப்பு. ஆனா மத்த பூஜ்ஜியத்துல ஏன் கை வைக்கிற? திட்டத்துல சொன்ன மாதிரி கேட்ட, சொன்ன பதிலை எழுதின. ரெண்டு மாசம் கழிச்சு டெக்னீஷியன் போன்ல பேசுனதெல்லாம் கணக்குல வராது."

"கணக்குல சேர்க்கல சார். தொண்டை வலி பத்தி இந்த ஆய்வால எதுவும் சொல்ல முடியாதுன்னு எழுதப்போறேன். ஏன் சொல்ல முடியாதுங்கறதையும் எழுதப்போறேன்."

"மாநாடு போயிடும்."

"போகட்டும் சார்."

அவர் கோபமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வழக்கமாக நானும் ஏதாவது சொல்லிச் சண்டையை வளர்த்திருப்பேன். அன்று தெம்பு இல்லை. பரீட்சை போனாலும் மறுபடி எழுதலாம். லத்தீஃபாவின் மூட்டு ஒவ்வொரு நாளும் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டைக்குள் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் கொடுக்க வேறு யாரையாவது போடுங்கள் என்று கேட்டேன். "நீ பண்ணாத, கூட நில்லு" என்றார் சார். அவரே சிறிய ட்யூபை எடுத்து, லேசான வளைவுள்ள அலகில், நிதானமாகப் போட்டார். நான் தலைமாட்டில் நின்றேன். தொண்டை சர்ஜன் உள்ளே பார்த்து, மழுங்கலான கருவியால் அந்தக் குருத்தெலும்பைத் தள்ளினார். திரையில் எல்லாம் தெரிந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை தள்ளினார். அது கொஞ்சம் அசைந்தது போல இருந்தது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டது.

சர்ஜன் முகக்கவசத்தை இறக்கினார். "இதுக்கு மேல அழுத்தினா உடைஞ்சிடும். ஊசி போட்டு நாணைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம். குரல் பயிற்சி குடுக்கலாம். பேச்சு ஓரளவுக்கு வரும். ஓதுற குரல் வராது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன், தனியாக வார்டுக்குப் போனேன். சபிஹா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். லத்தீஃபா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சர்ஜன் முதல் நாள் மாலையே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு அன்னைக்கு ட்யூப் போட்டது நான்தாம்மா. போறப்ப இடிச்சுது. பின்னால இழுத்து நிதானமாப் போட்டிருக்கணும். நான் சீக்கிரம் முடிக்கணும்னு அழுத்தினேன். அதுலதான் விலகியிருக்கு. மறுநாள் உங்களுக்குக் குரல் வரலைங்கறது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டேன். அன்னைக்கே கவனிச்சிருந்தா சரி பண்ணியிருக்கலாம். இது முழுக்க என் தப்பு. எழுத்துலயும் குடுத்திருக்கேன். நீங்க எங்க புகார் குடுத்தாலும் நான் இதையேதான் சொல்லுவேன்."

லத்தீஃபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை டாக்டரம்மா, அல்லாஹ் நாடியது என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையைக் கேட்கத்தான் ரவுண்ட்ஸுக்கு முன்பே வந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து அதைச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டு, பாரம் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன்.

"தெரியும். போடப்போறது நீங்கதான்னு நீங்களே சொன்னீங்க" என்றார் அவர். மூச்சு எடுத்துக்கொண்டார். "உங்களை மன்னிக்க மனசைக் குடுன்னு தொழுவுறப்பல்லாம் அல்லாஹ்கிட்ட கேக்குறேன். முடியல."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"முப்பது புள்ளைங்களும் வேற வீட்டுக்குப் போவுதுங்க. வாசல் வழியாத்தான் போவுதுங்க. சபிஹா வாப்பா குவைத்திலேருந்து போன் பண்றாரு. பேசுறதை விட்டுட்டேன், அவரு மட்டும் பேசுறாரு. எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு டாக்டரம்மா. உங்க மேல கோவமா இருக்கு."

"சொல்லுங்கம்மா."

சொன்னார். இடையிடையே இருமல் வந்தது, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டார், மறுபடி சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மரியாதைக்காக மென்று விழுங்கவில்லை. பாதியில் சபிஹா டீ வாங்கிக்கொண்டு வந்தாள். தன் உம்மா ஒருவரை நேருக்கு நேர் பார்த்துக் குறை சொல்லி அவள் கண்டதேயில்லை போலும், வாசலிலேயே நின்றுவிட்டாள்.